சொந்தக் கணினியில் பிஎஸ்டி யூனிக்ஸ் நிறுவுதல்: கேள்வி பதில்

ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆகிய யூனிக்ஸ் வகை இயங்குதளங்களைச் சொந்தக் கணினியில் நிறுவுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் அன்றாடம் பயன்படுத்துவது ஃப்ரீபிஎஸ்டி என்பதால், வேறொன்றைக் குறிப்பிடாத கேள்விகளை அதைப் பற்றியவையாகவே எடுத்துக்கொண்டேன். லினக்ஸ் நிறுவ வழிகாட்டுவோர் ஏராளம் என்பதால் அக்கேள்விகளை விட்டுவிட்டேன்.

கேள்வி 1: யூனிக்ஸை முறையாகக் கற்க விரும்புகிறேன். நண்பர்கள் எல்லோரும் லினக்ஸையே பரிந்துரைக்கிறார்கள். பிஎஸ்டி ஒன்றை நிறுவுவதில் தனிப் பயன் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், பின்னர் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தனிக் கிளையாக வளர்ந்தது, அதுவே பிஎஸ்டி. வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் இணையர் 1992-இல் அதை இன்டெலின் 386 செயலிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த 386பிஎஸ்டியிலிருந்து 1993-இல் நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் தோன்றின. நெட்பிஎஸ்டியிலிருந்து 1995-இல் ஓபன்பிஎஸ்டி பிரிந்தது. இதனிடையே, பிஎஸ்டி மூலநிரலின் உரிமை குறித்து ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் 1992-இல் தொடுத்த வழக்கு 1994-இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. லினக்ஸ் முந்திக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கற்பவருக்கு உள்ள பயன் வேறு. இயங்குதளத்தின் மையமான கர்னல், சி நூலகம், அடிப்படைக் கட்டளைகள், அவற்றின் கையேட்டுப் பக்கங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே குழு ஒரே மூலநிரல் தொகுப்பில் பராமரிப்பதால், நீங்கள் படிக்கும் பக்கம் உங்கள் கணினியிலுள்ள கட்டளையைத்தான் விவரிக்கும். இணையத்தில் எவரோ வேறொரு பதிப்புக்கு எழுதிய குறிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி 2: ஃப்ரீபிஎஸ்டி கோப்பைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் நகலெடுத்தேன். கணினி அதிலிருந்து பூட் ஆக மறுக்கிறது.

பதில்: பதிவிறக்கியது ஒரு வட்டுப் படிமம், அதாவது ஒரு முழு வட்டின் உள்ளடக்கத்தை அப்படியே கொண்ட ஒற்றைக் கோப்பு. அதைக் கோப்பாக நகலெடுத்தால் பென்டிரைவுக்குள் ஒரு கோப்பு கூடுமே தவிர, அது பூட் ஆகும் வட்டாக மாறாது. பெயரில் மெம்ஸ்டிக் என்று வரும் படிமத்தைத் தேர்ந்தெடுத்து, யூனிக்ஸ் வகைக் கணினியாக இருந்தால் டிடி கட்டளையாலும், விண்டோஸாக இருந்தால் ரூஃபஸ் போன்ற மென்பொருளாலும் முதல் பைட்டிலிருந்து அப்படியே எழுத வேண்டும். எழுதுவதற்கு முன், கோப்பு பிசகின்றி இறங்கியதா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 மதிப்பை வெளியீட்டுப் பக்கத்திலுள்ள மதிப்புடன் ஒப்பிடுங்கள். எழுதி முடித்த பென்டிரைவைக் கண்டதும் விண்டோஸ் அதை ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டிடியைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை: அந்தக் கட்டளை எதையும் மறுகேள்வி கேட்காது. ஃப்ரீபிஎஸ்டியில் சாட்டா வட்டு ஏடிஏ0 என்றும், யூஎஸ்பி வட்டு டிஏ0 என்றும், என்விஎம்இ வட்டு 14-ஆம் பதிப்பு முதல் என்டிஏ0 என்றும் பெயர் பெறுகின்றன. ஏடிஏ, என்டிஏ, டிஏ ஆகியவற்றுக்குள் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. பென்டிரைவைச் செருகியதும் கர்னல் காட்டும் செய்தியில் பெயரையும் கொள்ளளவையும் பார்த்த பிறகே என்டர் விசையைத் தொடுங்கள்.

கேள்வி 3: விண்டோஸை வைத்துக்கொண்டே, அதே வட்டில் ஃப்ரீபிஎஸ்டியையும் நிறுவ வேண்டும். என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: தரவு பறிபோகும் இடம் பெரும்பாலும் இதுவே என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இழக்க முடியாத கோப்புகளை வெளிவட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றித் தள்ளி வையுங்கள். நிறுவும்போது அது கணினியில் செருகப்பட்டிருக்கவே கூடாது. அடுத்து, விண்டோஸ் வட்டு, அதன் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்களாக இயக்காவிட்டாலும் பல மடிக்கணினிகளில் அது இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் பூட் லோடர் மைக்ரோசாஃப்ட்டால் கையொப்பமிடப்பட்டதல்ல என்பதால், கையொப்பமில்லாதவற்றைப் பூட் ஆக விடாத செக்யூர் பூட்டை அணைத்தாக வேண்டும். அதை அணைத்த மறுகணமே பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவியை முன்பே தாளில் எழுதி வைக்காதவர்கள், பிஎஸ்டிதான் விண்டோஸைக் கெடுத்துவிட்டது என்று பிறகு எனக்கு எழுதுகிறார்கள்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது கணினி முழுமையாக நிற்பதில்லை. பாதி உறங்கிய நிலையிலுள்ள பார்ட்டிஷனை வேறொரு இயங்குதளம் தொட்டால் கோப்புகள் சிதையலாம். பிறகு விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே சி பார்ட்டிஷனைச் சுருக்கி, கிடைத்த இடத்தை எதுவும் செய்யாமல் வெறுமையாக விட்டுவிடுங்கள்.

நிறுவும் நிரல், வட்டில் கோப்புகளை அடுக்கும் கோப்பு முறைமைகளான இசட்எஃப்எஸ், யுஎஃப்எஸ் ஆகியவற்றைக் கொண்டு நான்கு வழிகளைக் காட்டும்: தானியங்கி இசட்எஃப்எஸ், தானியங்கி யுஎஃப்எஸ், கைமுறை, ஷெல். இவற்றுள் தானியங்கி இசட்எஃப்எஸ் முழு வட்டையும் எடுத்துக்கொள்ளும். பட்டியலில் முதலில் நிற்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்து விண்டோஸை இழந்தவர்கள் பலர். நீங்கள் தானியங்கி யுஎஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, முழு வட்டா பார்ட்டிஷனா என்று கேட்கும்போது பார்ட்டிஷன் என்று சொல்லுங்கள். அல்லது கைமுறையாகச் செய்யுங்கள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாதீர்கள். விண்டோஸின் பூட் கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன. இறுதியாக உறுதிசெய்யும் வரை பார்ட்டிஷன் திரையில் நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் வட்டில் எழுதப்படாது என்பதால், ஐயம் எழுந்தால் அந்தக் கணம் வரை பின்வாங்கலாம்.

இரண்டாவது வட்டுக்குக் கணினியில் இடமிருந்தால் இவற்றில் பாதி தேவையில்லை. பழைய வட்டைக் கழற்றிவிட்டுப் புதியதில் மட்டும் நிறுவுங்கள். என்னைக் கேட்டால் அதுவே முறை.

கேள்வி 4: 4 ஜிபி ரேம் கொண்ட பழைய மடிக்கணினி முழுவதையும் ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொடுக்கப்போகிறேன். இசட்எஃப்எஸ்ஸா, யுஎஃப்எஸ்ஸா?

பதில்: இசட்எஃப்எஸ். அதன் ஏஆர்சி எனும் தற்காலிகச் சேமிப்பு, சும்மா இருக்கும் ரேமை எடுத்துக்கொண்டு, பிற நிரல்கள் கேட்கும்போது விட்டுக்கொடுக்கும். அது விட்டுக்கொடுப்பதில் தாமதம் தெரிந்தால், லோடர்.கான்ஃப் கோப்பில் அதன் உச்ச அளவை 1 ஜிபி என்று வரையறுத்துவிடுங்கள்.

கேள்வி 5: மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு டெராபைட்டுக்கும் 1 ஜிபி ரேம் வேண்டும், பிழைகளைத் தானே திருத்தும் ஈசிசி ரேம் இல்லாவிட்டால் இசட்எஃப்எஸ்ஸைத் தொடவே கூடாது என்றல்லவா படித்திருக்கிறோம்? 1983-இல் 4.2பிஎஸ்டியுடன் வந்த வடிவமைப்பின் வழித்தோன்றலான யுஎஃப்எஸ் ஒற்றை வட்டுக்குப் போதாதா?

பதில்: ரேம் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரே மாதிரியான தரவுத் துண்டுகளை ஒருமுறை மட்டும் சேமிக்கும் டீடியூப் வசதியை இயக்கினால் அதன் அட்டவணைக்கு ரேம் ஏராளமாகத் தேவை. அந்த வசதிக்கும், பலர் ஒரே நேரத்தில் அணுகும் பெரிய சேமிப்பகங்களுக்கும் சொல்லப்பட்ட அறிவுரை, ஒரு வட்டு மட்டுமே உள்ள மடிக்கணினிக்கும் பரவிவிட்டது. டீடியூப் இயல்பாக அணைந்தே இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

ஈசிசி ரேம் இருப்பது நல்லதுதான். ஆனால், கெட்டுப்போன ரேம் எந்தக் கோப்பு முறைமையையும் கெடுக்கும். யுஎஃப்எஸ் தவறான தரவை ஓசையின்றி எழுதிவிட்டுப் போகும் என்பதை அதன் நற்குணமாகக் கருத முடியாது.

யுஎஃப்எஸ் உறுதியானது என்பதை மறுக்கவில்லை. 2 ஜிபி ரேம் உள்ள கணினிக்கும், மூன்றாம் கேள்வியில் போல வட்டைப் பங்குபோடுவோருக்கும் நானே அதைத்தான் சொல்வேன்.

கேள்வி 5-ஐக் கேட்டவரின் மறுப்பு: ஒரே வட்டு இருக்கும்போது, பிழையை இசட்எஃப்எஸ் கண்டுபிடிக்குமே ஒழிய, திருத்துவதற்கு இரண்டாவது பிரதி இல்லை. திருத்த முடியாததைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

பதில்: நல்ல கேள்வி, வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. உங்கள் காப்பு நகலை எண்ணிப் பாருங்கள். வட்டில் ஒரு நிழற்படம் ஓசையின்றிச் சிதைகிறது. அடுத்த முறை நகலெடுக்கும்போது சிதைந்த படம் நல்ல நகலின்மேல் ஏறி அமர்ந்துவிடுகிறது. நெடுநாள் கழித்துத் திறக்கும்போது இரண்டு இடங்களிலும் சிதைந்த படமே இருக்கிறது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் எனும் சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால், படிக்கும்போதே பிழை காட்டி நிறுத்திவிடும். நல்ல நகல் பிழைக்கும். மேலும், கோப்புகளைப் பற்றிய மெட்டாடேட்டாவை அது ஒற்றை வட்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுதுகிறது. முக்கியமான கோப்புகளுக்குத் தனி டேட்டாசெட் (தனி அமைப்புகள் கொண்ட உட்பகுதி) அமைத்து, பிரதிகளின் எண்ணிக்கையை இரண்டாக்கினால், அதன் பிறகு எழுதப்படும் தரவை அதே வட்டிலிருந்தே திருத்தவும் முடியும்; இடம் இரட்டிப்பாகச் செலவாகும்.

ஆனால், நான் இசட்எஃப்எஸ்ஸைச் சொல்வதற்குப் பெரிய காரணம் செக்சம் அன்று, பூட் என்விரான்மென்ட். மேம்படுத்துவதற்கு முன் பிஇசிடிஎல் கட்டளையால் தற்போதைய நிலைக்கு ஒரு பெயரிட்டு வைத்தால், அது முதலில் ஏறக்குறைய இடமே எடுக்காது. மேம்படுத்தியபின் கணினி எழ மறுத்தால், பூட் பட்டியலில் பழைய பெயரைத் தேர்ந்தெடுத்துப் பழைய நிலைக்கே திரும்பலாம். யூனிக்ஸ் கற்பவர் கணினியைக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்பார். அவருக்கு இதைவிடப் பயனுள்ள வசதி இல்லை.

அதே நபர்: வட்டு நிரம்பினால் இசட்எஃப்எஸ் மிகவும் மந்தமாகிவிடும் என்பதையாவது ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: ஒப்புக்கொள்கிறேன். பழைய துண்டின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதும் முறை அது. காலியிடம் குறைந்து சிதறும்போது தேடுதல் கூடும். ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வையுங்கள். இத்துடன் இந்த வாதத்தை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி 6: நிறுவி முடித்தேன். கருப்புத் திரையில் லாகின் என்று மட்டும் வருகிறது. எங்கே தவறு?

பதில்: தவறே இல்லை, அடிப்படை இயங்குதளம் அவ்வளவுதான். தொகுப்புகளை நிறுவும் பிகேஜி கட்டளையால், வரைகலைத் திரைக்கு அடிப்படையான எக்ஸ்ஆர்க், உங்களுக்குப் பிடித்த டெஸ்க்டாப், இன்டெல் அல்லது ஏஎம்டி வரைகலையாக இருந்தால் டிஆர்எம்-கேமாட் எனும் வரைகலை டிரைவர் ஆகியவற்றை நிறுவுங்கள், ஆர்சி.கான்ஃப் கோப்பில் இன்டெலுக்கு ஐ915கேஎம்எஸ், ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு என்று ஏற்ற வேண்டிய மாட்யூலைக் குறிப்பிடுங்கள்; உங்கள் பயனர் கணக்கை வீடியோ குழுவில் சேருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள்.

கேள்வி 7: வைஃபை வேலை செய்யவில்லை.

பதில்: எந்தச் சில்லு என்று நீங்கள் சொல்லவில்லை. பிசிஐகான்ஃப் கட்டளை அதைச் சொல்லும். பிராட்காம் என்று வந்தால் மாற்று அடாப்டர் தேடுவதே காலத்தை மிச்சப்படுத்தும். அதுவரை, ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங்கை இயக்கினால் அது யுஇ0 என்ற பெயரில் ஒரு நெட்வொர்க் கார்டாகத் தோன்றும். தேவையான தொகுப்புகளை அதன்வழி இறக்கிக்கொள்ளலாம். மெம்ஸ்டிக் படிமத்தில் அடிப்படைத் தொகுப்புகள் எல்லாம் இருப்பதால், நிறுவுவதற்கு மட்டும் இணைய இணைப்பு தேவையில்லை.

கேள்வி 8: பென்டிரைவில் நகலெடுத்தேன், பூட் ஆகவில்லை. என்ன செய்வது?

பதில்: கேள்வி 2.

கேள்வி 9: ஆப்பிள் எம்1 கணினியில் ஃப்ரீபிஎஸ்டி நிறுவலாமா?

பதில்: ஓபன்பிஎஸ்டியைப் பாருங்கள், அதன் ஆர்ம்64 பதிப்பு அக்கணினிகளில் இயங்குகிறது. மேக்ஓஎஸ்ஸே சான்று பெற்ற யூனிக்ஸ்தான் என்பதையும் மறவாதீர்கள். டெர்மினலைத் திறந்தால் கற்கத் தொடங்கிவிடலாம்.

கேள்வி 10: 32 பிட் செயலி உள்ள பழைய கணினி இருக்கிறது.

பதில்: நெட்பிஎஸ்டி அல்லது ஓபன்பிஎஸ்டி. ஃப்ரீபிஎஸ்டி 15-ஆம் பதிப்பில் அவ்வகைக் கணினிகளுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

கேள்வி 11: இரண்டு இயங்குதளங்களையும் நிறுவிய பிறகு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் கடிகாரம் பல மணிநேரம் பிசகுகிறது.

பதில்: கணினியின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரத்தில் வைக்கிறது, நீங்கள் நிறுவும்போது அது யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். டிஇசட்செட்டப் கட்டளையை மறுபடி இயக்கி, அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் கொடுங்கள்.

கேள்வி 12: விண்டோஸ் இருக்கும் வட்டிலேயே இதையும் போடலாமா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: கேள்வி 3-ஐ முழுமையாகப் படியுங்கள். சுருக்கமாகச் சொல்லக் கூடாத செய்தி அது.

கேள்வி 13: டிடி கட்டளையில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மெம்ஸ்டிக் படிமம் பென்டிரைவுக்குப் பதிலாக, என்டிஎஃப்எஸ் முறையில் இருந்த 1 டிபி வெளிவட்டில் எழுதப்பட்டுவிட்டது. எல்லாம் போய்விட்டதா?

பதில்: இரண்டாம் கேள்வியில் எச்சரித்தது இதைத்தான், ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டாம். படிமத்தின் அளவு எவ்வளவோ, வட்டின் தொடக்கத்தில் அந்த அளவு மட்டுமே அழிந்திருக்கும். என்டிஎஃப்எஸ்ஸின் முதன்மைக் கோப்பு அட்டவணை வழக்கமாகப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளி அமைகிறது; பூட் செக்டரின் நகல் ஒன்று பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கிறது. படிமம் 3 ஜிபியைவிடச் சிறியதாக இருந்தால் அட்டவணை பெரும்பாலும் தப்பியிருக்கும்.

அந்த வட்டை உடனே கழற்றுங்கள். விண்டோஸ் கேட்டாலும் ஃபார்மட் செய்யாதீர்கள். அதில் எதையும் எழுதாதீர்கள். அதைவிடப் பெரிய வேறொரு வட்டு கிடைத்தபின், முழு வட்டையும் அதில் ஒரு படிமக் கோப்பாக எடுத்துக்கொண்டு, அந்தப் படிமத்தின்மீது மட்டும் டெஸ்ட்டிஸ்க் எனும் மீட்பு நிரலை இயக்கிப் பழைய பார்ட்டிஷனைத் தேடச் சொல்லுங்கள். அது கிடைத்தால் கோப்புகளைப் பெயர்களுடனேயே நகலெடுக்கலாம்; கிடைக்காவிட்டால் ஃபோட்டோரெக் கோப்புகளை உள்ளடக்கத்தைக் கொண்டு தேடித் தரும், ஆனால் பெயர்களும் கோப்புறைகளும் திரும்ப வாரா. படிமம் எடுக்கவும் டிடியைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், எது மூலம், எது இலக்கு என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இன்னொருவரையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.