ஒரு விந்தணு போதும் என்றால், கணவருக்கு எதற்குப் பரிசோதனை?

மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 29, கணவருக்கு 36. திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கணவர் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். சொந்த வயலுக்கு மருந்தும் அவரே அடிக்கிறார். "எனக்குக் கர்ப்பப்பை, கருக்குழாய், ஹார்மோன் எல்லாம் பார்த்துவிட்டார்கள், குறை இல்லை. திருக்கருகாவூர் போய் நெய் வாங்கி வந்து 48 நாள் சாப்பிட்டேன். ஐ.யு.ஐ. (விந்தைக் கழுவி, நல்ல அணுக்களைப் பிரித்துக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) மூன்று முறை செய்தும் நிற்கவில்லை. அவருடைய விந்துப் பரிசோதனையை ஒரே ஒரு முறைதான் எடுத்தார்கள். கடும் காய்ச்சலில் படுத்து எழுந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அளவு 1.5 மில்லி, ஒரு மில்லியில் 90 லட்சம் அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 18 சதவீதம், இயல்பான வடிவம் 3 சதவீதம். இக்ஸி (விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை) செய்துவிடலாம், அதற்கு ஒரு விந்தணு போதும் என்கிறார் ஒரு டாக்டர். முதலில் கணவரை முழுதாகப் பரிசோதியுங்கள், மூன்று மாதம் பொறுங்கள் என்கிறார் இன்னொருவர். ஒன்று போதும் என்றால் எதற்குக் காத்திருக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

சகோதரி, இரண்டாவது டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். உங்களுக்கு 29 வயதுதான். மூன்று மாதம் பொறுப்பதால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. இதே கேள்வியை 39 வயதில் ஒருவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

முதலில் அந்த அறிக்கையைப் படிப்போம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை அளந்து பார்த்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் நின்ற இடத்தில் கிழித்த கோடு அது. அதைப் பரீட்சையின் பாஸ் மார்க் போல நினைத்துவிடாதீர்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கும் குழந்தை பிறக்கிறது, மேலே இருப்பவருக்கும் தாமதமாகிறது. ஆனால் உங்கள் கணவரின் மூன்று எண்களுமே கீழே இருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள்: 1.5 மில்லியில் மொத்தம் 1 கோடியே 35 லட்சம் அணுக்கள். அதில் முன்னோக்கி நீந்துபவை 24 லட்சம் சொச்சம். ஐ.யு.ஐ.க்குக் கழுவி எடுத்த பிறகு ஐம்பது லட்சமாவது நீந்தும் அணுக்கள் இருந்தால் நல்லது என்பது பல மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கழுவும் முன்பே அதில் பாதிகூட இல்லாதபோது மூன்று முறையும் நிற்காமல் போனதில் வியப்பில்லை. உங்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இன்னொன்று, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் காய்ச்சல். ஒரு விந்தணு விதைப்பையில் உருவாக ஏறக்குறைய 72 நாள் ஆகிறது. அது முதிர்ந்து வெளியே வரும் பாதையைக் கடக்க மேலும் ஓரிரு வாரங்கள். ஆக மொத்தம் மூன்று மாதம், குறுவைப் பயிரைவிடச் சற்றுக் குறைவு. இன்று எடுத்த மாதிரியில் இருப்பவை மூன்று மாதத்துக்கு முன் விதைத்தவை. இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கையும் ஓட்டமும் இறங்கும். அந்த ஒரே அறிக்கையை வைத்து இத்தனை பெரிய முடிவு எடுப்பது சரியில்லை. சில வாரங்கள் இடைவெளியில் இன்னொரு பரிசோதனையாவது வேண்டும்.

அதை எடுக்கும் முறையும் முக்கியம். உறவு இல்லாத நாட்கள் இரண்டுக்குக் குறையாமலும் ஏழுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஒரு முறை, வெளியூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் மாதிரியைப் பாட்டிலில் எடுத்து, ஐஸ் கட்டி வைத்த டப்பாவுக்குள் வைத்து, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் தஞ்சாவூருக்கு வந்தார். கெட்டுப்போகக் கூடாதே என்ற அக்கறைதான். நுண்ணோக்கியில் ஏறக்குறைய எதுவுமே அசையவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. மறுவாரம் பரிசோதனைக் கூடத்திலேயே கொடுத்தபோது ஓட்டம் நன்றாகவே இருந்தது. குளிர் விந்தணுவை முடக்கிவிடும். கூடத்திலேயே கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இக்ஸி என்பது நுண்ணோக்கியின் கீழ் ஒரு விந்தணுவை மெல்லிய ஊசியில் எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்துவது. 1992 முதல் இந்த வழியில் குழந்தைகள் பிறக்கின்றன. எண்ணிக்கை குறைந்த ஆண்களுக்கு அது பெரிய வரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊசி அந்த அணுவை முட்டைக்குள் கொண்டுபோய் விடுமே தவிர, அதன் பழுதைச் சரிசெய்யாது.

நம் பக்கத்தில் விதைநெல்லை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து அதில் நெல்லைக் கொட்டுவார்கள். பதர் மேலே மிதக்கும், திரண்ட நெல் அடியில் தங்கும். விந்தை அடர்த்தியான திரவத்தின் மேல் ஊற்றிச் சுழற்றும்போதும் இதுதான் நடக்கிறது. நல்ல அணுக்கள் அடியில் சேரும், செத்தவையும் கசடும் மேலே நிற்கும். பிறகு ஓட்டத்தையும் வடிவத்தையும் பார்த்து ஒன்றை எடுப்பார்கள். ஆனால் திரண்ட நெல்லுக்குள் முளை பழுதாகியிருந்தால் உப்புநீர் சொல்லுமா? விந்தணுவின் தலைக்குள் இருக்கும் மரபு இழை (டி.என்.ஏ.) அறுபட்டிருந்தாலும் வெளியிலிருந்து அப்படித்தான் தெரியாது. கரு முதல் இரண்டு மூன்று நாள் முட்டையின் கையிருப்பில் வளர்கிறது. நான்கு முதல் எட்டு செல் ஆகும் கட்டத்தில்தான் தகப்பனின் மரபணுக்கள் வேலையைக் கையில் எடுக்கின்றன. மூன்றாம் நாள் அழகாக இருந்த கரு ஐந்தாம் நாளுக்குள் நின்றுபோவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கருச்சிதைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இளம் வயது முட்டை ஓரளவு பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது உங்களுக்குச் சாதகம். இந்தப் பழுதை அளக்கும் சோதனை இப்போதே தேவையில்லை. கரு தொடர்ந்து கலைந்தாலோ இக்ஸி தோற்றாலோ கேட்டுப் பெறுங்கள்.

மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது, முதலில் ஆண்மையியல் அல்லது சிறுநீரகவியல் மருத்துவர் அவரை நிற்க வைத்து விதைப்பையைத் தொட்டுப் பார்ப்பது. குழந்தை தாமதமாகும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அங்கே ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும், பெரும்பாலும் இடப்பக்கம். வெரிக்கோசில் என்பார்கள். கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு இருந்தால் அறுவை சிகிச்சையால் பலருக்கு எண்ணிக்கை கூடுகிறது. இந்த ஐந்து நிமிடப் பரிசோதனையைச் செய்யாமலேயே லட்சக்கணக்கில் செலவழித்து வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. சர்க்கரையும் ஹார்மோனும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்து, சூடு. விதைப்பை உடம்புச் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் வெளியே தொங்குகிறது. இயந்திரத்தின் அனலில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் மணிக்கு ஒரு முறையாவது இறங்கி நடக்க வேண்டும், தளர்ந்த பருத்தி உடை போட வேண்டும்.

மருந்து அடிப்பதை இந்த மூன்று மாதமும் வேறொருவரிடம் விடுங்கள். 1977இல் கலிஃபோர்னியாவில் டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிற்சாலையில், தங்களில் பலருக்குக் குழந்தை இல்லையே என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பிறகுதான் பரிசோதித்தார்கள். பலருக்கு விந்தணு அற்றுப்போயிருந்தது. எல்லா மருந்தும் அப்படிச் செய்யும் என்று சொல்லவில்லை. ஆனால் கைத்தெளிப்பான் ஒழுகி முதுகுச் சட்டை நனைந்தபடி வரப்பில் நடப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். தோல் வழியே உள்ளே போவது அப்படித்தான்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமோ பீடியோ இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். மதுவும் அப்படியே. உடம்பேற்றுவதற்கென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி யாராவது போட்டுவிட்டால் விந்து உற்பத்தியே நின்றுபோகும், இதைப் பலர் அறிவதில்லை. சத்து மாத்திரைகளுக்குப் பெரிதாகச் செலவழிக்காதீர்கள். 2020இல் அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடத்திய ஆய்வில், ஆண்களுக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்தும் குழந்தைப் பேறு கூடவில்லை.

உங்களுக்கு நாள் கணக்கும் ஒத்துவருகிறது. சம்பா, தாளடி அறுவடை மாசியோடு முடிந்துவிடும். அவர் இயந்திரத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணுங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஐ ஒட்டி மறுபரிசோதனை. எண்கள் ஏறியிருந்தால் இயற்கையாகவோ ஐ.யு.ஐ. மூலமோ முயல மருத்துவரிடம் கேளுங்கள். ஏறாவிட்டால் தாமதிக்காமல் இக்ஸிக்குப் போங்கள். குறுவை அறுவடைக்கு அவர் மறுபடி இயந்திரத்தில் ஏறுவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.