கேட்காமல் வந்த உதவியாளர்

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயிலுக்குச் செயலாளராக இருக்கிறேன். உறுப்பினர் பட்டியல், திருவிழா அறிக்கை, வரவு செலவு எல்லாம் என் கணினியில்தான். சில மாதங்களாக எந்தக் கோப்பைத் திறந்தாலும், ‘நான் எழுதித் தரட்டுமா, சுருக்கித் தரட்டுமா’ என்று ஒரு ஏஐ உதவியாளர் வந்து நிற்கிறது. சந்தாவும் கூடிவிட்டது. பேரனிடம் சொன்னால், “இனிமேல் எல்லாமே இப்படித்தான் தாத்தா, பழகிக்குங்க” என்கிறான். பழகித்தான் ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், டர்பன்

பதில்: வேண்டியதில்லை. உங்கள் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. நாள் முழுக்கக் கணினியில் வேலை பார்க்கும் இளைஞர்களும் இதே எரிச்சலோடுதான் இருக்கிறார்கள்.

ஏஐ நல்லதா கெட்டதா என்ற வாதம் இங்கே தேவையில்லை. ஒரு கடிதம் எழுதத் தடுமாறுகிறவருக்கு அது நல்ல துணை. அவர் போட்டுக்கொள்ளட்டும். வேண்டாம் என்கிற நீங்கள் ஏன் கணினியின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) துழாவிக்கொண்டிருக்க வேண்டும்? கேட்காத சாமானைப் பையில் போட்டு பில்லிலும் ஏற்றுகிற கடைக்காரரிடம் நாம் சண்டைக்குப் போவோம். நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது: ‘நீ மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்’ என்று வைத்து ஒரு பொருளையோ சேவையையோ தலையில் கட்டக் கூடாது, ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்தை மாற்றவும் கூடாது. மென்பொருளுக்கு மட்டும் வேறு நியாயம் இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த உறுப்பினர் பட்டியல். பெயர், அடையாள எண், போன் நம்பர் என்று எல்லாம் அதில் இருக்கும். கோயில் பட்டியல் என்பதாலேயே ஒவ்வொருவரின் மதமும் தெரிந்துவிடும். ‘போப்பியா’ என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையைச் சிறப்புத் தகவலாக வைத்திருக்கிறது. கோயில் தன் உறுப்பினர்களின் விவரத்தை வைத்துக்கொள்ளலாம்; அவர்கள் சம்மதிக்காமல் மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. இந்த உதவியாளர்களில் பெரும்பாலானவை கோப்பில் இருப்பதை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பித்தான் சுருக்கித் தருகின்றன. தெரியாமல் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டால், நாளைக்கு ஓர் உறுப்பினர் கோயில் கூட்டத்தில் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பொத்தானை அங்கே வைத்தவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. இது அநியாயம்.

பேரன் சொல்வதுபோல இது தலைவிதியும் இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆஸ்திரேலியாவில் தன் அலுவலக மென்பொருளில் ‘கோபைலட்’ என்ற ஏஐ உதவியாளரைச் சேர்த்து, தனிநபர் ஆண்டுச் சந்தாவை 109 டாலரிலிருந்து 159 டாலராக ஏற்றியது. ஏஐ இல்லாத பழைய திட்டமும் இருந்தது. ஆனால் சந்தாவை ரத்து செய்யத் தொடங்கினால்தான் அது கண்ணில் படும். அங்குள்ள நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழைய திட்டத்துக்கு மாறுகிறவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சில நொடிகளுக்கு ஒருமுறை கணினித் திரையைப் படம் பிடித்து வைக்கும் ‘ரீகால்’ வசதியை அதே நிறுவனம் அறிவித்தபோதும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில், விரும்புகிறவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். யாரோ தட்டிக் கேட்டதால்தான் இரண்டும் நடந்தன.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து அமைப்புகளில் அந்த உதவியாளரை அணைக்கச் சொல்லுங்கள். ரத்து செய்யும் பக்கம் வரை போய், பழைய விலைத் திட்டம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைக்க வழியே இல்லையென்றால் உறுப்பினர் பட்டியலை முதலில் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். கடிதம், கணக்கு எல்லாம் எழுத உதவும் லிப்ரே ஆபிஸ் என்ற மென்பொருள் இலவசம், இன்டர்நெட் இல்லாமலே ஓடும், தமிழிலும் நன்றாகத் தட்டச்சு செய்யலாம்.

அப்புறம், ‘எங்கள் கோப்புகளிலிருந்து எது உங்கள் சர்வருக்குப் போகிறது, யாருடைய சம்மதத்தோடு போகிறது’ என்று நிறுவனத்துக்குக் கோயில் பெயரிலேயே எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் நகல் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறோம். வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதுவதில் நாங்களும் கூட இருப்போம்.