பிரஸ்ஸல்ஸ் கூட்டமும் நம்மூர் ஆர்டரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: இந்தியா – ஐரோப்பிய ஒன்றிய வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27-இல் டெல்லியில் அறிவித்தார்கள். அமைச்சர்கள் கூடிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், டீ-ஷர்ட்டுக்கான 12 சதவீத டூட்டியைக் கழித்து டிடிபி விலை (அங்குள்ள இறக்குமதி டூட்டியையும் நாமே கட்டித் தரும் விலை) கொடுங்கள் என்கிறார் எங்கள் பையர். கொடுக்கலாமா?
– பனியன் ஏற்றுமதியாளர், அவிநாசி

பதில்: அமலுக்கு வரும் தேதி வெளியாகும் வரை கொடுக்காதீர்கள். பேச்சு முடிந்த பிறகுதான் பாதி வேலையே தொடங்குகிறது. வாசகத்தைச் சட்ட வல்லுநர்கள் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும்; ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளிலும் பெயர்க்க வேண்டும். பிறகு ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முன்மொழிய, உறுப்பு நாட்டு அமைச்சர்கள் கூடும் மன்றம் கையெழுத்துக்கு அனுமதி தர வேண்டும். அதற்கப்புறம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல், கடைசியாக மன்றத்தின் இறுதி முடிவு.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதில் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பெரிய வித்தியாசம். ஜப்பானுடன் 2017 டிசம்பரில் பேச்சு முடிந்தது, 2019 பிப்ரவரி 1-இல் அமலானது. வியட்நாமுக்கோ 2015 டிசம்பரில் முடிந்த பேச்சு 2020 ஆகஸ்ட் 1-இல்தான் பலன் தந்தது. நடுவே 2017-இல், சிங்கப்பூர் ஒப்பந்தம் குறித்து ஐரோப்பிய நீதிமன்றம் கருத்துச் சொன்னது. முதலீட்டுப் பாதுகாப்பின் சில பகுதிகளை ஒன்றியம் தனியாக முடிக்க முடியாது, உறுப்பு நாடுகளும் சேர வேண்டும் என்றது. அதனால் வியட்நாம் ஒப்பந்தத்தையும் வர்த்தகம், முதலீடு என இரண்டாகப் பிரித்தார்கள். இந்தியாவுடன் முதலீட்டுப் பேச்சைத் தொடக்கத்திலேயே தனியாக வைத்துவிட்டது நமக்கு நல்லதுதான்.

பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. டூட்டி விகிதம் தூத்துக்குடியில் கப்பல் ஏறிய தேதியை வைத்து அல்ல. ஐரோப்பாவில் சுங்க அறிவிப்பு ஏற்கப்படும் தேதியை வைத்து. டிடிபி விலையில் டூட்டி உங்கள் தலையில். எனவே 'அறிவிப்பு ஏற்கப்படும் நாளில் உள்ள டூட்டிப்படி விலை திருத்தப்படும்' என்று பிஓ-விலேயே (பையர் தரும் கொள்முதல் ஆணையிலேயே) ஒரு வரி கேட்டு வாங்குங்கள். சீனத் துணி வாங்கித் தைப்பவர்கள், சரக்கு எந்த நாட்டுப் பொருளாகக் கணக்காகும் என்று சொல்லும் பிறப்பிட விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்தியாவில் தைத்தது மட்டுமே போதும் என்று நினைத்துவிட வேண்டாம்.

கேள்வி: ஜெர்மனி மாதிரி ஒரு பெரிய நாடு எதிர்த்தால் சட்டம் நின்றுவிடுமா? சப்ளையர்களின் தொழிலாளர், சுற்றுச்சூழல் நிலையைப் பெரிய நிறுவனங்கள் சரிபார்க்கச் சொல்லும் சப்ளை செயின் சட்டத்துக்காகப் பையர் ஒரு கட்டு படிவம் அனுப்பியிருக்கிறார்.
– மெர்ச்சண்டைசர், பெருமாநல்லூர்

பதில்: மன்றத்தில் வரி, வெளியுறவு போன்றவற்றில் ஒரு நாடு மறுத்தாலே போச்சு. மற்ற பெரும்பாலான சட்டங்களுக்கு இரட்டைக் கணக்கு: 27 நாடுகளில் 15 ஆதரிக்க வேண்டும், அந்த நாடுகளின் மக்கள்தொகை ஒன்றியத்தின் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். தடுப்பதற்குக் குறைந்தது 4 நாடுகள் வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றும் சேர்ந்தால் மக்கள்தொகை 35 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆனாலும் நாலாவது ஆள் கிடைக்காமல் தடுக்க முடியாது.

இந்தக் கணக்கில், வாக்களிக்காமல் ஒதுங்குவதும் எதிர்ப்பதும் ஒன்றுதான். நீங்கள் சொல்லும் சட்டமே அதற்குச் சாட்சி. 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தோடு உடன்பாடு ஆகிவிட்டது. 500 ஊழியர், 15 கோடி யூரோ விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குச் சட்டம் என்று பேச்சு. 2024 பிப்ரவரியில் ஜெர்மனி ஒதுங்க, இத்தாலியும் கைவிட, 65 சதவீதம் தேறவில்லை. வரம்பை 1,000 ஊழியர், 45 கோடி யூரோ என்று உயர்த்திய பிறகே மார்ச் 15-இல் உறுப்பு நாட்டுத் தூதர்கள் மட்டத்தில் தேறியது. 2025 டிசம்பரில் ஏற்பட்ட புது உடன்பாட்டில் அது 5,000 ஊழியர், 150 கோடி யூரோ என்று ஏறிவிட்டது.

ஆகவே முதலில் உங்கள் பையர் இந்த வரம்புக்குள் வருகிறாரா என்று கேளுங்கள். வராதவர் அனுப்பும் படிவம் அவருடைய சொந்த விதி. அதில் பேரம் பேச இடமுண்டு. அதற்காகக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சாயப்பட்டறை, ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் சம்பளப் பதிவேடும் கழிவுநீர் ரசீதும் எப்படியும் கேட்கப்படும்.

கேள்வி: மஞ்சளில் பூச்சிமருந்து எச்ச அளவை எந்த அமைச்சர் கூட்டம் முடிவு செய்கிறது?
– மண்டி வியாபாரி, ஈரோடு

பதில்: எந்த அமைச்சரும் இல்லை. ஆணையம் வரைவு எழுதும். உறுப்பு நாட்டு அதிகாரிகளின் நிலைக்குழு அதே இரட்டைக் கணக்கில் வாக்களிக்கும். மன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் மறுக்கும் உரிமை மட்டும் உண்டு. வரைவை உலக வர்த்தக அமைப்புக்குத் தெரிவித்துப் பெரும்பாலும் 60 நாள் அவகாசம் தருவார்கள். ஸ்பைசஸ் போர்டு வழியாக நாம் எதிர்ப்புச் சொல்ல வேண்டியது அந்த 60 நாளில்தான். அதற்குப் பின் டெல்லிக்கு மனு போட்டுப் பெரிய பலன் இருக்காது.

தனி அளவு குறிக்கப்படாத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது 100 டன் மஞ்சளில் ஒரு கிராம். பல காட்டு விரலியையும் கிழங்கையும் ஒன்றாகக் கொட்டிப் பாலிஷ் போட்ட பிறகு பரிசோதித்தால், யார் காட்டுச் சரக்கு கெடுத்தது என்று பிரிக்கவே முடியாது. லாட் லாட்டாக, கலப்பதற்கு முன் மாதிரி எடுங்கள்.

கேள்வி: கூட்டத் தேதியும் நிகழ்ச்சி நிரலும் எங்கே கிடைக்கும்?
– சட்டக் கல்லூரி மாணவி, கோவை

பதில்: மன்றத்தின் இணையதள நாட்காட்டியில். உத்தேச நிரல் 14 நாளுக்கு முன்பே உறுப்பு நாடுகளுக்குப் போய்விட வேண்டும் என்பது விதி. ஏப்ரல், ஜூன், அக்டோபர் மாதங்களில் பிரஸ்ஸல்ஸுக்குப் பதில் லக்சம்பர்க்கில் கூடுவார்கள். நிரலில் 'ஏ' என்று இருப்பது கீழ்மட்டத்தில் பேசி முடிந்தது, விவாதமில்லாமல் நிறைவேறும்; 'பி' தான் உண்மையான விவாதம். வர்த்தகச் சட்டம் ஒன்று மீன்வளத் துறை அமைச்சர்கள் கூட்டத்தில் 'ஏ' பட்டியலில் சத்தமில்லாமல் நிறைவேறலாம். அதனால் வர்த்தக அமைச்சர்கள் கூட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நழுவிவிடும். மன்றத்தின் தலைமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும்: 2026 ஜூலை முதல் அயர்லாந்து, 2027 ஜனவரி முதல் லிதுவேனியா. தலைமை நாடு தன் ஊரில் நடத்தும் முறைசாராக் கூட்டங்களில் எந்தச் சட்டமும் நிறைவேறாது; புகைப்படம் மட்டும் நன்றாக வரும்.