நீதிமன்றம் நியமிக்கும் சமரசராகவோ நடுவராகவோ ஆக என்ன தகுதி வேண்டும்?

நீங்கள் கும்பகோணத்தில் 12 வருஷமாக வக்கீல், உங்கள் மாமா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு பேருக்கும் இதில் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் சமரசர் வேலை வேறு, நடுவர் வேலை வேறு. போகிற வழியும் வேறு. நான் தஞ்சாவூர் பக்கம் சிவில் வழக்குகள் பார்க்கிறவன், சமரச மையப் பட்டியலிலும் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நடுவர் சங்கதியை முதலில் முடித்துவிடலாம். நடுவர் என்றால் தீர்ப்புச் சொல்கிறவர்; சமரசர் தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு தரப்பும் தாங்களே பேசி ஒத்துப்போக உதவுகிறவர். நடுவர் தீர்ப்புக்கான 1996-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு ஒத்துக்கொண்டவர்கள் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஒத்துப்போகாவிட்டால் 11-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடுவார்கள். தஞ்சாவூர் என்றால் மதுரைக் கிளை. திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்றால் சென்னை. நடுவருக்கு இத்தனை வருஷ அனுபவம் வேண்டும் என்று 2019-ல் எட்டாவது அட்டவணை ஒன்றைச் சேர்த்தார்கள். வக்கீலுக்குப் பத்து வருஷம், பொறியாளருக்குப் பத்து வருஷம் என்றெல்லாம் அதில் இருந்தது. 2021 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே இன்று சட்டம் பட்டம் கேட்பதில்லை, ஒளிவுமறைவு இல்லாமையைத்தான் கேட்கிறது. இரண்டு தரப்போடும் உங்களுக்கு என்ன தொடர்பு இருந்தது, இருக்கிறது என்பதை 12-ஆம் பிரிவின்படி எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டுமான ஒப்பந்த வழக்குகளில் பொறியாளர்கள் நடுவராக இருப்பது சகஜம், மாமாவுக்கு இது பொருந்தும். அவர் வேலை பார்த்த துறையே ஒரு தரப்பாக வந்தால் மட்டும் கவனம். எதிர்த் தரப்பு ஆட்சேபிக்க இடம் உண்டு.

நம் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த நடுவர் இவர் இல்லை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலு வழிச் சாலை மாதிரி தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்துவிட்டு இழப்பீடு போதவில்லை என்கிறவர்கள் போய் நிற்கிற நடுவர், மத்திய அரசு நியமிக்கிறவர். பெரும்பாலும் கலெக்டர்தான். அந்த நாற்காலிக்கு நீங்களோ நானோ விண்ணப்பம் போட முடியாது.

நடப்பில் இருக்கிற சிவில் வழக்கை நடுவரிடம் அனுப்ப எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் அஃப்கான்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. சமரசத்துக்கு அனுப்ப அந்தச் சம்மதம் தேவையில்லை. அதனால் நம் சார்பு நீதிமன்றங்களில் அதிகம் நடப்பது சமரசம்தான். உங்களுக்கான வாசலும் அதுவே.

வழக்கைச் சமரசம் மாதிரி வழிகளுக்குக் கோர்ட் அனுப்ப இடம் தருகிற, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு 2002 ஜூலையில் அமலுக்கு வந்தது. 2005 ஏப்ரல் 9-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் திறந்தார்கள். நீதிமன்றத்தோடு இணைந்து நடக்கிற மையங்களில் நாட்டிலேயே அதுதான் முதலாவது. ஏப்ரல் 9-ஐ நம் கோர்ட்டுகளில் சமரச தினமாகக் கொண்டாடுவது அதனால்தான். தகுதி என்று பார்த்தால், சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் அதே 2005-ல் உச்ச நீதிமன்றம் முன்வைத்த மாதிரி விதிகளில் ஓய்வு பெற்ற நீதிபதிகள், 15 வருஷ அனுபவம் உள்ள வக்கீல்கள், அதே அளவு அனுபவம் உள்ள வேறு துறை வல்லுநர்கள் என்று இருக்கிறது. ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டனை பெற்றவர்களும், அப்படிப்பட்ட குற்றச்சாட்டு வனைந்து வழக்கு நிலுவையில் இருப்பவர்களும் வர முடியாது. வருஷக் கணக்கை ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் தன் விதியில் வகுத்துக்கொள்கிறது. உங்கள் 12 வருஷத்தை வைத்து மனம் தளர வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் போய், அடுத்த பட்டியலுக்கு என்ன நிபந்தனை என்று நேரில் கேளுங்கள். அதற்குத் தலைவர் முதன்மை மாவட்ட நீதிபதியே. அப்புறம் 40 மணி நேரப் பயிற்சி. அதோடு பத்து சமரச அமர்வுகளை நிஜமாக நடத்திப் பார்த்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் சமரசக் குழு வைத்திருக்கிற அளவு.

அந்த 40 மணி நேரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் நல்ல வக்கீல்களே அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

எங்கள் பயிற்சியில் ஒரு கற்பனை வழக்கு. அண்ணன், தம்பி, தங்கை, அப்பா விட்டுப்போன நஞ்சை, பாகப்பிரிவினை. மூன்று பேராக நடிக்கிறவர்களுக்கும் தனித்தனியாக ஒரு துண்டுச் சீட்டு. அதில் இருப்பது சமரசராக உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. உட்கார்ந்தவர் சீனியர், சிவில் சட்டம் கரதலப் பாடம். பத்து நிமிஷம் கேட்டார். மகளுக்கும் சமபங்கு உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம், அதைப் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு எல்லாம் சொல்லி மூன்றாகப் பிரித்து வைத்துவிட்டார். சட்டத்தில் ஒரு பிசகும் இல்லை. பயிற்சியாளர் நிறுத்தச் சொல்லி, அண்ணனாக நடித்தவரைச் சீட்டை வாசிக்கச் சொன்னார். ‘பங்கு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. தலைமடை வயல் தம்பிக்குப் போனால் கடைமடையில் இருக்கிற எனக்குத் தண்ணீர் விடமாட்டான். அறுப்பு மிஷின் இறங்கவும் வழி விடமாட்டான்.’ இதை அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

டெல்டாவில் பாதிப் பாகப்பிரிவினை வழக்குகளுக்குள் இந்தச் சீட்டு ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். பிராதில் மா, குழி என்று நில அளவு இருக்கும், மடையும் வரப்பும் இருக்காது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் இந்த ஒன்றைப் பேசி முடித்தால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும். அதற்குச் சமரசர் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் பேசாமல் இருக்க வேண்டும். ஊரில் பஞ்சாயத்துப் பேசிப் பழகிய பெரியவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். நாலு வார்த்தை கேட்டதுமே முடிவு நாக்கு நுனிக்கு வந்துவிடும். சமரசரின் வாயில் தீர்ப்பு வரவே கூடாது. ஒத்துப்போவதும் போகாததும் அவர்கள் இஷ்டம்.

தனி அமர்வில் ஒரு தரப்பு சொன்னதை, அவர்கள் அனுமதி இல்லாமல் அடுத்த தரப்பிடம் சொல்லக் கூடாது. முடியவில்லை என்றால் ‘சமரசம் ஏற்படவில்லை’ என்று மட்டும்தான் கோர்ட்டுக்கு எழுதுவோம்; யார் முரண்டு பிடித்தார்கள் என்று எழுத மாட்டோம். பின்னால் அதே தகராறில் எந்தத் தரப்புக்கும் வக்காலத்துப் போடவும் கூடாது. கும்பகோணம் மாதிரி எல்லாரும் எல்லாரையும் தெரிந்து வைத்திருக்கிற ஊரில் இதனால் சில கட்சிக்காரர்கள் கைவிட்டுப் போவார்கள். மதிப்பூதியமும் சொற்பம்தான். இதெல்லாம் சம்மதம் என்றால் வாருங்கள், ஆள் தேவை இருக்கிறது.

முடிந்துவிட்டால் எழுதுகிற இடத்தில் உங்கள் வக்கீல் அனுபவம் நன்றாகக் கை கொடுக்கும். புல எண், நான்கெல்லை, வழி எத்தனை அடி அகலம், மடை யார் பொறுப்பு, பட்டா மாற்ற யார் மனுப் போடுவது, எல்லாவற்றையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். கட்சிக்காரர்களிடம் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு அது. வெளியிலேயே பேசி முடித்தாலும் பொருந்தும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பல பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

மாமாவுக்கு இன்னொன்று. 2023 சமரசச் சட்டத்தில் ஒரு வட்டாரத்தின் அமைதி கெடக்கூடிய தகராறுகளுக்கு மூன்று பேர் கொண்ட ஊர்ச் சமரசக் குழு என்று ஓர் ஏற்பாடு உண்டு. வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, ஊர் மதிக்கிற நேர்மையான ஆளாக இருந்தால் போதும். 2023 அக்டோபர் 9-இல் அமலுக்கு வந்த பிரிவுகளில் இது சேரவில்லை. ஆணைக்குழுவுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய், இதன் நிலவரத்தையும் விசாரியுங்கள். முறைத் தண்ணீர்த் தகராறை ஆயுசு பூராவும் பார்த்த பொறியாளர் அந்தக் குழுவில் உட்கார்ந்தால் வாய்க்கால் கணக்கை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்காது.