மூன்று வருடமாகத் தாய் சி (மெதுவான அசைவுகள் கொண்ட சீனத் தற்காப்புக் கலை) செய்கிறேன். ‘உள்ளே கவனி’ என்கிறார்கள், எனக்கு எதுவும் தெரியவில்லை. அந்த உணர்வு எப்போது வரும்?

நீங்கள் வீடியோ பார்த்துத் தனியாகச் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அநேகமாக 24 அசைவுத் தொடராக இருக்கும். 1956இல் சீன விளையாட்டு ஆணையம் தாய் சியின் யாங் பாணியிலிருந்து சுருக்கிக் கொடுத்தது. நல்ல தொடர்தான். ஆனால் தனியாகவே செய்துகொண்டிருந்தால் ஓர் இடத்தில் தேங்கிவிடும். நானும் அப்படித் தேங்கியவன்தான்.

சிங்கப்பூரில் தோ பாயோவில், அடுக்குமாடி புளோக்கின் கீழே காலையில் பழகும் பெரியவர்களோடு சேர்ந்தேன். முதல் எட்டு மாதம் பாதி நேரம் ஜான் ஜுவாங். மரத்தைக் கட்டிக்கொண்டது போலக் கைகளை வைத்து அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே ஏதாவது சூடாக ஓடும் என்று காத்திருந்தேன். தொடை நடுங்கியதுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு நாள் எங்கள் ஆசிரியர், சிஃபூ, என்னைத் துய் ஷோவுக்கு ஓர் ஆன்ட்டியின் எதிரே நிறுத்தினார். இருவர் கையோடு கை ஒட்டித் தள்ளிப் பழகும் பயிற்சி அது. அவருக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் கை என் முன்கையில் பட்டும் படாமலும் இருந்தது. தள்ளலாம் என்று நான் நினைத்ததுமே என் இடது குதிகால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. மூன்று முறையும் அதேதான். அவர் என் வலது தோளை ஒரு விரலால் தொட்டு, ‘இங்கே’ என்றார். அந்தத் தோளை நான் தூக்கிப் பிடித்திருப்பது அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் நிற்கும்போது தோள் ஏறுவது தெரிந்தது. சில வாரத்தில் அது இறங்கியதும் இடுப்பில் இருந்த இறுக்கம் தெரிய வந்தது. எனக்கு உள்ளுணர்வு என்று வந்தது இவ்வளவுதான். ‘சி’ என்னும் உயிராற்றலே கட்டுக்கதை என்று வாதாட வருபவர்களுக்கு: நான் அதைப் பற்றிப் பேசவில்லை. தசை எங்கே இறுகுகிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

வாங் சோங்யுவே பெயரில் வழங்கும் பழைய உரை மூன்று படி சொல்கிறது. முதலில் அசைவுகள் கைவர வேண்டும். அதிலிருந்து மெல்ல விசை புரியும், ‘தோங் ஜின்’. அதற்குப் பின்தான் ‘ஷென் மிங்’ என்னும் தெளிவு. விசை புரிவதற்கு முன் ‘திங் ஜின்’ வேண்டும் என்பார் சிஃபூ. திங் என்றால் கேட்பது. எதிராளியின் எடை நகர்வதைத் தோலால் கேட்க வேண்டும். ஆறு வருடமாகியும் நான் இந்தக் கேட்பதில்தான் இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்து இதைப் பற்றிப் பேசினால் உடனே, ‘எல்லாம் நம்ம போதிதர்மர் சொல்லிக்கொடுத்ததுதானே’ என்கிறார்கள். அவரைப் பற்றிய கதை ஷாவோலின் கோயிலோடு சேர்ந்தது. தாய் சியின் தடம் ஹெனான் மாகாணத்தில் சென்ஜியாகோ என்ற கிராமத்துச் சென் குடும்பத்திடம் போய் நிற்கிறது. எனக்கும் சிலம்பத்தின் மேல் பெருமை உண்டு. அதற்காக அந்த ஆன்ட்டி பழகிய கலையை நம்முடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, உங்களுக்கு ஆள் கிடைக்காவிட்டால் வீட்டில் யாரையாவது உங்கள் தோளில் லேசாக விரல் வைக்கச் சொல்லுங்கள். மெதுவாகக் கையைத் தூக்குங்கள். விரல் எப்போது மேலே போகிறது என்று அவர்கள் சொல்லட்டும். முழங்கால் வலித்தால் மட்டும் இன்னும் நிமிர்ந்து நில்லுங்கள்.