முதுகில் ஊசி போட்டால் காலம் முழுக்க வலிக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை உண்டு. அடுத்த மாதம் மூட்டு மாற்று ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துச் செய்வோம் என்கிறார்கள். சிசேரியனுக்கு அந்த ஊசி போட்ட என் அண்ணிக்கு 11 வருடமாக முதுகுவலி. "முழு மயக்கமே கேளு" என்கிறார். அம்மாவும் பயந்துபோயிருக்கிறார். எது நல்லது? (2 வருடம் முன்பு அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார்.)
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் மயக்க மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். குளோபிடோகிரெல் ரத்தத்தை உறையவிடாது. அது உடம்பில் இருக்கும்போது முதுகில் ஊசி போட்டால், அரிதாக உள்ளே ரத்தம் கசிந்து கட்டியாகி நரம்பை அழுத்திவிடும். காலே செயலிழந்து போகலாம். அதனால் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். இதய டாக்டரும் மயக்க மருத்துவரும் பேசி நாள் குறிக்கட்டும். நிறுத்தவே கூடாது என்றால் முழு மயக்கம்தான் வழி.

சரி, அண்ணியின் முதுகுவலிக்கு வருகிறேன். 20 வருடமாக மும்பையில் மயக்க மருத்துவராக இருக்கிறேன். வாரம் ஒருவராவது இதைக் கேட்காமல் இருந்ததில்லை. தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகள் பக்கமே முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசி போடுவது அதற்கும் கீழே, பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு நடுவில். குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். பிள்ளை பெற்ற பிறகு வரும் முதுகுவலி, ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் வருகிறது. வயிற்றில் சுமந்ததும், குனிந்து உட்கார்ந்து பால் கொடுத்ததும், குழந்தையைத் தூக்கி இறக்கியதும் காரணமாக இருக்கலாம். அண்ணியின் வலி உண்மையானது. அதற்கு எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஊசி மேல் பழி போட்டுவிட்டு வைத்தியம் இல்லாமல் இருக்க வேண்டாம்.

முழு மயக்கத்துக்குப் பெரும்பாலும் புரோபோஃபால் கொடுப்போம். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஏறும்போது கை எரியும். அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் நினைவு போய்விடும். மூச்சும் தடைபடும், அதனால் தொண்டையில் குழாய் வைத்து நாங்கள் மூச்சு கொடுக்க வேண்டும். முதுகு ஊசியில் அம்மா தானே மூச்சு விடுவார். மரத்துப்போக வைக்கும் புபிவகெய்ன் என்ற மருந்து 3 மில்லி அளவு போதும். இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். ஆபரேஷன் முடிந்ததும் வாந்தி, குமட்டல் குறைவு. முதல் சில மணி நேரம் வலியும் தெரியாது. மூட்டு மாற்றுக்கு நாங்கள் பலரும் இதை முதலில் நினைப்பது அதனால்தான். இதிலும் ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் கட்டிக்கொள்ளலாம். சிலருக்கு உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைவு என்று இருக்கும். வயதானவர்களுக்கு அது குறைவுதான், வந்தால் உடனே சொல்லுங்கள்.

சுத்தியல் சத்தம் கேட்குமே என்று அம்மா பயந்தால், அதே புரோபோஃபாலைக் கொஞ்சமாகச் சொட்டவிட்டுத் தூங்க வைக்கலாம்.

முழு மயக்கம்தான் என்று முடிவானாலும் கலங்க வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. 60 நாள் கழித்துப் பார்த்தால், இறந்தவர்கள், நடக்க முடியாமல் போனவர்கள் கணக்கில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்று. அம்மாவுக்கு இந்தி வருமா? ஒரு முறை பக்கத்து ஆபரேஷன் தியேட்டரில் இருந்து என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். தாராவியில் இருந்து வந்த திருநெல்வேலி ஆச்சி ஒருவர். "ஹில்னா மத்" (அசையாதீர்கள்) என்று இந்தியில் சொல்லச் சொல்ல, என்னமோ செய்யப் போகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் துள்ளியிருக்கிறார். நான் போய்த் தோளைப் பிடித்து, "ஆச்சி, தலையணையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு முதுகை வளைங்க, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அசையாதீங்க" என்றேன். அசையவில்லை. ஊசியின் வெளிப்பக்க முனையில் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீர் ஒரு சொட்டு தெளிவாக வந்து நின்றது, மருந்தைப் போட்டார்கள். "காலு ரெண்டும் சூடாவுதும்மா" என்றார். மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. அதனால் தமிழ் தெரிந்த நர்ஸ் யாராவது பக்கத்தில் இருக்க முடியுமா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் இந்த நாலு வார்த்தையை வீட்டிலேயே அம்மாவிடம் சொல்லி, ஒரு தலையணையைக் கொடுத்து உட்கார்ந்து பழகச் சொல்லுங்கள்.

அப்புறம், எந்த மயக்கமாக இருந்தாலும் பால் கலந்த காபி 6 மணி நேரத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். அன்று சர்க்கரை மாத்திரை உண்டா இல்லையா என்பதையும் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.