பச்சைப் புள்ளி பாலைத் தடுக்காது

அடுப்படிக் கேள்வி – பதில்

கேள்வி: அம்மா, ஷிப்ட் வேலை பார்க்கிறேன். பால், தயிர், நெய் எதுவும் இல்லாத வீகன் உணவுக்கு மாறிவிட்டேன். அறையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு வாணலி, ஒரு தோசைக்கல், சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கின்றன. மிக்சி கிடையாது. இரவு எட்டரைக்குத் திரும்பி வந்து என்ன சமைப்பது? கடைப் பாக்கெட்டுகளை நம்பலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: நம்பலாம் கண்ணு. ஆனால் எல்லாப் பாக்கெட்டையும் நம்பிவிடாதே. பெண்கள் விடுதியின் சமையற்கட்டில் காலம் தள்ளியவள் நான். எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. ஊறவைப்பது, ஆட்டுவது, பிழிவது ஆகிய வேலைகளைக் காசு கொடுத்து வாங்கலாம். தாளிப்பையும் மசாலாவையும் வாங்கக் கூடாது. நெய், பால் பவுடர், அளவுக்கு மீறிய உப்பு எல்லாம் பெரும்பாலும் வந்து ஒளிந்துகொள்வது அந்த இரண்டாம் வகைப் பாக்கெட்டில்தான். வெந்நீர் ஊற்றினால் உப்புமாவாகிற டப்பாவைவிட வெறும் வறுத்த ரவை உனக்கு நல்லது. அதற்கும் பத்து நிமிடம்தான் ஆகும்.

இட்லி மாவு, காய்ந்த அரிசிச் சேவை, மீல் மேக்கர், அட்டைப்பெட்டித் தேங்காய்ப்பால், உறைந்த பட்டாணி, இஞ்சி பூண்டு விழுது. இவை கையில் இருந்தால் வாரம் ஓடிவிடும். வெங்காயமும் தக்காளியும் எலுமிச்சையும் உன் அறையில் எப்படியும் இருக்கும்.

மீல் மேக்கரைப் பிடிக்காது என்பவர்களில் பாதிப் பேர் அதைச் சரியாகப் பிழியாதவர்கள். தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு உருண்டைகளைப் போட்டு மூடி வை. பத்து நிமிடத்தில் பஞ்சு போல உப்பிவிடும். வடித்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்து. மஞ்சளாக, நுரையோடு ஒரு நீர் வெளிவரும். பச்சைச் சோயா வாடை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நீர் தெளியும்வரை ஊற்றி ஊற்றிப் பிழி. கடைசியில் ஒட்டப் பிழிந்துவிட வேண்டும். அப்போதுதான் குழம்பை உள்ளே இழுக்கும்.

பிறகு எண்ணெயில் சோம்பு, நீளமாக நறுக்கிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, குழம்பு மிளகாய்த்தூள் என்று வரிசையாகப் போட்டு வதக்கு. மீல் மேக்கரைச் சேர்த்து, ஓரம் சிவக்கும்வரை பொறுமையாகப் பிரட்டு. கொஞ்சம் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் மூடிவை. தீயைக் குறைத்து, கடைசியாகத் தேங்காய்ப்பால் அரை டம்ளர் ஊற்று. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடு. தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். குழம்பு மூடியிருக்கும்போதே வெந்நீரில் சேவையைப் போட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரம் வைத்து வடித்துவிட்டால் சாப்பாடு தயார். உலர்ந்த மீல் மேக்கரில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம் போதும்.

மிச்சத் தேங்காய்ப்பாலைத் திறந்த பெட்டியிலேயே விட்டுவைக்காதே. ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிட்டால், வேண்டும்போது இரண்டு கட்டிகள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

மாவுப் பாக்கெட் உப்பியிருந்தால் பதறாதே, உள்ளே புளிப்பு ஏறுகிறது, அவ்வளவுதான். முதல் நாள்களில் இட்லி, பிறகு தோசை, நன்றாகப் புளித்ததும் வெங்காயமும் பட்டாணியும் தூவி ஊத்தப்பம். மாவின் மேல் நிறம் மாறியிருந்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ, யோசிக்காமல் கொட்டிவிடு. தொட்டுக்கொள்ள இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் இருக்க, மிக்சி இல்லையே என்று எதற்கு வருந்துகிறாய்?

கேள்வி: பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது வீகன்தானே? கடைக்காரர் சத்தியம் செய்கிறார்.
– வாசகர், திருச்சி

பதில்: கடைக்காரரின் சத்தியம் அவரோடு இருக்கட்டும். பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளம். நம் நாட்டு விதிப்படி பாலும் பால் பொருள்களும் தேனும் அதற்குள் அடக்கம். நெய் மைசூர்பாகுப் பெட்டியிலும் அதே புள்ளிதான் இருக்கும். வீகன் உணவுக்கென்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2021இல் தனி முத்திரை அறிவித்தது. பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்து, அதன் மேல் ஓர் இலை. 2022இல் அதற்கான விதிமுறைகளும் வந்துவிட்டன. ஆனால் அந்த முத்திரை இல்லாத பாக்கெட்டிலும் பால் இல்லாமல் இருக்கலாம். நம் ஊர்ப் புளிக்காய்ச்சலுக்கு யார் முத்திரை வாங்கினார்கள்?

ஆகவே பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'மில்க் சாலிட்ஸ்', 'வே பவுடர்', 'கீ', 'பட்டர்' என்பவை தெரிந்த எதிரிகள். 'சோடியம் கேசினேட்' தெரியாத எதிரி; அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். எங்கே இருக்கும் என்கிறீர்கள்? தேங்காய்ப்பால் பவுடரில்! தேங்காய் என்ற பெயரைப் பார்த்து வீகன் அன்பர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். பல பவுடர்களில் அது சேர்ந்திருக்கிறது. அட்டைப்பெட்டியில் நீராக வரும் தேங்காய்ப்பாலில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் படித்துவிட்டே வாங்குங்கள். படிக்கப் பொறுமை இல்லையென்றால், பட்டியலின் கீழே 'கன்டெய்ன்ஸ் மில்க்' என்ற வரியையாவது தேடுங்கள். 'மே கன்டெய்ன் மில்க்' என்பது வேறு. அதே ஆலையில் பாலும் புழங்குகிறது என்ற எச்சரிக்கை அது. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது. கொள்கைக்காகப் பாலை விட்டவர்கள் சாப்பிடலாம் என்பது என் கட்சி.

அதே பக்கத்தில் சோடியம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே. புளியோதரை விழுதும் அப்பளமும் ஊறுகாயும் ஒரே தட்டில் சேர்ந்தால் கணக்கு எங்கே நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் பாலைத் தொடமாட்டேன் என்கிறான், தயிர்சாதம் மட்டும் வேண்டுமாம். கடையில் சோயா பால் வாங்கிக் கலந்து கொடுத்தேன், முகத்தைச் சுளிக்கிறான்.
– வாசகி, மதுரை

பதில்: வெனிலா மணமும் சர்க்கரையும் சேர்ந்த பாலாக இருந்திருக்கும் அம்மா. பிள்ளை மேல் குற்றமே இல்லை. இனிப்புச் சேர்க்காத சோயா பால் என்று கேட்டு வாங்குங்கள். வெதுவெதுப்பாகச் சூடாக்கி, நாலைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைக் கழுவிப் போட்டு இரவு முழுக்க மூடிவையுங்கள், உறைந்துவிடும். அடுத்த முறைக்கு அதிலிருந்தே உறை எடுத்துக்கொள்ளலாம். சோற்றைக் குழைய வடித்து, கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாராளமாகத் தாளித்துக் கொட்டுங்கள். பசும்பால் தயிரின் சுவை வராது. வரும் என்று அவனிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீகன் உணவில் வைட்டமின் பி12 கிடைக்காதாமே? புளித்த மாவில் இருக்கிறது என்கிறாள் தோழி.
– வாசகி, சேலம்

பதில்: மாவை நம்ப வேண்டாம். பி12 மாத்திரையோ, அது சேர்த்துச் செறிவூட்டிய உணவோ தேவை. எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அது என் அடுப்படிக்கு வெளியே உள்ள விஷயம்.

கேள்வி: உறைந்த பரோட்டா பாக்கெட் வாங்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு பாக்கெட் பரோட்டாவா! சரி, வாங்குங்கள். பாலோ முட்டையோ நெய்யோ சேர்த்துப் பிசைந்த மாவும் உண்டு என்பதால் பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுங்கள். ஃப்ரீசரிலிருந்து நேராகக் காய்ந்த கல்லில் போட வேண்டும். வெளியே வைத்து இளகவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியாது. மேலே ஓசூர்ப் பெண்ணுக்குச் சொன்ன மீல் மேக்கர் குழம்பில் தண்ணீரைக் கூட்டினால் சால்னா ஆயிற்று.